வடுவும் வினாவும்

முன்னுரை

வடு என்னும் சொல் தமிழில் இருபொருள் உடையது. புண் ஆறிய பின்னும் உடம்பில் நிற்கும் தழும்பு ஒரு பொருள். பழி, குற்றம் என்பது மற்றொரு பொருள். தழும்பு பட்டவர்க்கு உரியது. பழி செய்தவர்க்கு உரியது. ஆயினும் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணின் திறத்தில் மட்டும் இவ்விரு பொருளும் பிரிவின்றி மயங்கிவிடுகின்றன. தழும்பும் அவளுடையது, பழியும் அவளுடையது என்று உலகம் கொள்கின்றது. கொடிய நிகழ்ச்சி ஒன்றன் பின்னர் உள்ளத்தில் நிலைத்துவிடும் நோயை ஈழத்து மனநல நூலோர் மனவடு என்று வழங்குகின்றனர். நல்ல சொல்லே, யாமும் அதனையே ஈண்டு ஆள்கின்றோம். எனினும் அப்பழைய இருபொருளும் அச்சொல்லுக்குள் உறங்கிக் கிடக்கின்றன என்பதை மறத்தல் ஆகாது.

மனவடு நோய் இருக்கக்கூடுமா என்பதைச் சில வினாக்களால் முதற்கண் சலித்துப் பார்க்கும் முறை இன்று மருத்துவ உலகில் வழங்குகின்றது. அவ்வினாத்தாளும் ஒரு பனுவலே. அது சொற்களால் ஆயது. ஒருவர் கேட்க மற்றொருவர் விடையிறுக்க அமைந்தது. ஒரு மொழியினின்று மற்றொரு மொழிக்குப் பெயர்க்கப்படுவது. ஆதலின் அது திறனாய்வுக்கும் உரியது. புதுமைப்பித்தன் 1943-ஆம் ஆண்டு வெளியிட்ட ‘சாப விமோசனம்’ என்னும் சிறுகதையை அருகில் வைத்து இவ்வினாத்தாளை ஆராய்தலும், போடிநாயக்கனூரை அடுத்த பொட்டிபுரம் முதலாய ஏலமலைச் சாரல் ஊர்ப் பெண்களிடத்து இவ்வினாக்கள் எவ்வாறு சென்று சேரும் என்று காண்டலும் இக்கட்டுரையின் நோக்கம். யாம் மருத்துவர் அல்லேம். சொல்லின் பொருளை ஆராய்வதே எம் தொழில். அவ்வெல்லைக்குள் நின்றே பேசுவோம்.

ஐய வினாவும் கொடை வினாவும்

வினா ஆறு வகைப்படும் என்பது நன்னூல் துணிபு. அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என்பன அவை. அவற்றுள் இரண்டு ஈண்டு நமக்கு வேண்டப்படுவன. இதுவோ அதுவோ எனத் துணிய மாட்டாது கேட்பது ஐய வினா. உன்னிடம் ஆடை இல்லையோ என்று, கொடுக்கும் பொருட்டுக் கேட்பது கொடை வினா. இரண்டும் ஓசையால் ஒத்திருக்கலாம். கேட்பவன் உள்ளம் வேறு. கேட்கப்பட்டவர் பெறும் பயனும் வேறு.

வன்கொடுமைக்கு ஆளான பெண்ணை நோக்கி நம் சமுதாயம் நெடுங்காலமாகக் கேட்டு வந்தது ஐய வினாவே. இவள் தூயளோ அல்லளோ, இசைந்தாளோ இசைந்திலளோ என்பதே அவ்வினா. சீதையைத் தீயில் இறக்கியதும் அவ்வினாதான். பழங்கதையோடு அது முடிந்துவிடவில்லை. இருவிரல் ஆய்வு என்னும் பெயரால் மருத்துவ மனைகளிலும் அது தொடர்ந்தது. பெண்ணின் முன்னை வாழ்க்கையை உடம்பில் தேடிய அவ்வாய்வு அறிவியலுக்குப் பொருந்தாதது என்று நடுவண் அரசின் நலவாழ்வுத் துறை 2014-ஆம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறை விலக்கியது. விலக்கிய பின்னும் அது நின்றபாடில்லை. 31-10-2022 அன்று உச்ச நீதிமன்றம், அதனைச் செய்வோர் ஒழுக்கக்கேட்டுக் குற்றத்துக்கு ஆளாவர் என்று கடிந்து கூற வேண்டியதாயிற்று.

மனவடு வினாத்தாளின் சிறப்பு இவ்விடத்தேதான் உள்ளது. அது பெண்ணின் தூய்மையைக் கேட்பதில்லை. அவளது துயிலைக் கேட்கின்றது. நடந்தது உண்மையா என்று கேட்பதில்லை. நடந்ததன் பின் உனக்குள் நடப்பது யாது என்று கேட்கின்றது. கேட்கும் முறையாலும், கேட்ட பின் செய்யும் செயலாலும் அது கொடை வினாவாக நிற்றல் வேண்டும். அங்ஙனம் நில்லாதாயின் அதுவும் ஐய வினாவாகத் தாழ்ந்துவிடும். இதுவே எம் கருத்து.

வினாத்தாள் பிறந்த வகை

செவிலியத் துறையைச் சார்ந்த ஆன் பர்கெசு என்பாரும், சமூகவியல் அறிஞர் லிண்டா ஓம்சுட்ரம் என்பாரும் அமெரிக்க நாட்டுப் பாசுட்டன் நகர மருத்துவ மனைக்கு வந்த பெண்களைக் கண்டு ஆராய்ந்து, வன்புணர்ச்சிக்கு ஆளானவரிடம் தோன்றும் உள்ள நோயின் கூறுகளை 1974-இல் வெளியிட்டனர். 1980-இல் அமெரிக்க மனநல மருத்துவர் கழகத்தின் நோய்த் தொகுப்பு நூல், மூன்றாம் பதிப்பில், மனவடு நோயைத் தனி நோயாக ஏற்றுக்கொண்டது. போர் மீண்ட வீரரும் வன்கொடுமை கடந்த பெண்டிரும் ஒரே நோய்ப் பெயரின்கீழ் வந்தனர்.

பின்னர் வினாத்தாள்கள் பல எழுந்தன. அவற்றுள் மிகச் சிறியனவற்றுள் ஒன்று அந்நாட்டு முன்னாள் படைவீரர் மருத்துவ நிலையங்களுக்கென்று ஆக்கப்பட்டது. 2003-இல் நான்கு வினாக்களோடு வெளிவந்தது. கனவாகவோ நினைவாகவோ நிகழ்ச்சி தானே மீண்டு வருகின்றதா, அதனை நினையாதிருக்கவும் நினைவூட்டுவனவற்றை விலக்கவும் முயல்கின்றீரா, எந்நேரமும் விழிப்பும் திடுக்கீடுமாய் இருக்கின்றீரா, உணர்வற்றுப் பிறரினின்றும் விலகி நிற்கின்றீரா என்பன அந்நான்கின் பொருள். 2016-இல் திருத்தி வெளியிட்டபோது ஐந்தாவது வினா ஒன்று சேர்ந்தது. நடந்ததற்காக உம்மையோ பிறரையோ பழித்து ஓயாதிருக்கின்றீரா என்பது அது. இருபது வினாக்கள் உடைய விரிந்த தாளும் உண்டு.

இங்கு இரண்டு செய்திகள் கருதத்தக்கன. ஒன்று, இவ்வினாக்களுக்கு ஆம் என்று விடையிறுத்தல் நோயின் முடிவு அன்று. மேலும் ஆராய்தற்கு வாயில் மட்டுமே. மற்றொன்று, நிகழ்ச்சிக்குப் பின் வரும் முதல் நாள்களில் அச்சமும் துயிலின்மையும் பலர்க்கும் இயல்பாக உண்டாவன; பலர்க்கு அவை தாமே தணிவன. ஒரு திங்களுக்கு மேலும் நீடித்து வாழ்க்கையைக் குலைப்பின் அன்றோ அது நோய் எனப்படும். ஆதலின் முதல் நாளிலேயே நோய்ப் பெயர் சூட்டுதல் தவறாம்.

அகலிகையின் அச்சம்

அகலிகை கதை தமிழர்க்குப் புதிதன்று. திருப்பரங்குன்றத்து ஓவிய மாடத்தில் இந்திரனும் அகலிகையும் கௌதமனும் தீட்டப்பட்டிருந்த செய்தியைப் பரிபாடல் கூறுகின்றது. கம்பனும் அக்கதையைப் பாடினான். உள்ளத்தால் குற்றமற்றவள் என்று கொள்ளப்பட்டு அவள் கௌதமனோடு சேர்க்கப்படுகின்றாள். கதை அவ்வளவில் நிறைவுறுகின்றது. பழி நீங்கியது, ஆகவே துன்பமும் நீங்கியது என்பது அந்நிறைவின் பொருள்.

புதுமைப்பித்தன் அந்நிறைவிலிருந்தே தம் கதையைத் தொடங்குகின்றார். கல் பெண்ணாயிற்று, பழி போயிற்று. ஆனால் தழும்பு போகவில்லை. மீண்டு எழுந்த அகலிகை பண்டைய பேச்சையும் விளையாட்டையும் இழந்துவிட்டாள். ஒரு சொல்லைச் சொல்லுமுன் பன்முறை உள்ளத்துள் நிறுத்துப் பார்க்கின்றாள். கணவன் இயல்பாகக் கூறும் சொல்லிலும் மறைபொருள் உண்டோ என்று பதறுகின்றாள். எதிர்ப்படும் ஆடவர் எல்லாரும் அவளுக்கு இந்திரராகத் தோன்றுகின்றனர். சரயுக் கரைக்கு வரும் பெண்டிர் அவள் பெயர் கேட்ட அளவில் விலகி ஓடுகின்றனர். இறுதியில் அன்போடு அணைக்கும் கௌதமனும் கௌதம வடிவில் வந்த இந்திரனாகவே அவளுக்குத் தோன்றுகின்றான்; அவள் மீண்டும் கல்லாகின்றாள்.

மேலே கூறிய நான்கு வினாக்களையும் இதனோடு ஒப்பிட்டு நோக்குக. மீண்டு வரும் நிகழ்ச்சி, விலகல், ஓயா விழிப்பு, உணர்வு மரத்தல் ஆகிய நான்கும் இக்கதையில் அமைந்துள்ளன. மருத்துவ நூல் இந்நோய்க்குப் பெயரிட 37 ஆண்டுகள் முன்னரே இது எழுதப்பட்டது. புதுமைப்பித்தன் மருத்துவ நூல் கற்று எழுதினார் அல்லர். பழி நீங்கினால் நோய் நீங்கும் என்னும் பழைய முடிபை அவர் ஐயுற்றார். அவ்வையமே அவரை உண்மைக்கு இட்டுச் சென்றது.

ஐந்தாவது வினாவாகிய பழியைத் தனியே எடுத்துப் பேசியவர் செயகாந்தன். 1966-இல் வந்த ‘அக்கினிப் பிரவேசம்’ என்னும் சிறுகதையில், மழை நாளில் வண்டியில் ஏற்றிச் சென்றவனால் கெடுவுற்று வந்த கல்லூரி மாணவியின் தலையில் தாய் நீரை ஊற்றி, நீ தூயவளாகிவிட்டாய் என்று தேற்றுகின்றாள். பழியைக் களைவதில் அத்தாய் உயர்ந்து நிற்கின்றாள். ஆயினும் செய்தி இருவரோடு அடங்கிவிடுகின்றது. மகளின் உள்ளத்தில் அதன்பின் நிகழ்வது யாது என்னும் வினாவைக் கதை எழுப்பவில்லை. தாய் ஊர் அறியக் கதறியிருந்தால் என்னாகும் என்று மாற்றி எண்ணிப் பார்த்ததே ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ என்னும் புதினம். அங்கே பழி நிலைக்கின்றது. கங்கையின் வாழ்வு முழுவதும் அதனைச் சுற்றியே செல்கின்றது. சிறுகதை மறைத்துக் காத்தது. புதினம் வெளிப்படுத்திக் கெடுத்தது. மறையாமலும் கெடாமலும் சொல்லுதற்கு ஓர் இடம் வேண்டும் என்பது இவ்விரண்டையும் சேர்த்துப் படிப்பார்க்குப் புலனாகும். நல்ல வினாத்தாள் அத்தகைய இடமாதல் கூடும்.

ஏலமலைச் சாரலில் அவ்வினாக்கள்

நியூட்ரினோ ஆய்வகத்துக்குக் குறிக்கப்பட்டதனால் வெளியுலகு அறிந்த ஊர் பொட்டிபுரம். இப்பகுதிப் பெண்கள் பலர் விடியுமுன் ஜீப்பில் ஏறிப் போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் சென்று மாலையில் மீள்பவர். சிலர் போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலை செய்பவர. இத்தகைய ஊர் எதுவாயினும் யாம் கூறப்போவது பொருந்தும். இவ்வூரைச் சுட்டுவது சொல் வழக்குப் பற்றியே.

முதல் வினா கனவைக் கேட்கின்றது. தீக்கனவைப் பிறரிடம் சொல்லல் ஆகாது என்பது நம் ஊர்களின் நம்பிக்கை. துயிலில் நெஞ்சை அழுத்துவதை அமுக்குவான் பேய் என்பர். ஆகவே கனவு உண்டா என்று கேட்டால் இல்லை என்ற விடையே வரலாம். ‘தூக்கத்துல பதறி முழிக்கிறீகளா’ என்று கேட்டால் விடை வேறாகலாம்.

இரண்டாம் வினா, நினைவூட்டும் இடங்களை விலக்குகின்றீரா என்கின்றது. அந்தப் பக்கம் தலைவைத்தும் படுப்பதில்லை என்று சொல்லுதற்கு வேறு பக்கம் ஒன்று இருத்தல் வேண்டும். நாள்தோறும் ஒரே ஜீப்பில், ஒரே மலைப்பாதையில், ஒரே கங்காணியின்கீழ் வேலைக்குச் செல்ல வேண்டியவள் எதனை விலக்குவாள்? அவள் இல்லை என்று விடையிறுத்தால் அது நலத்தின் அடையாளம் அன்று, வறுமையின் அடையாளம். இவ்வினா, விலகும் உரிமை உடையாரை உள்ளத்துக் கொண்டு எழுதப்பட்டது. போக மனமில்லாமலும் போக வேண்டியிருக்கின்றதா என்று அதனைத் திருத்திக் கேட்டல் வேண்டும்.

மூன்றாம் வினாவுக்கு நம் மக்களிடம் சொல்வளம் மிகுதி. திடுக்கிடுதல், பதறுதல், ‘நெஞ்சு படபடங்குது’, ‘பக்குன்னு இருக்கு’ எனப் பல உள. இவை கூடியதைப் ‘பயந்த கோளாறு’ என்று கூறி மந்திரித்துக் கயிறு கட்டுவர். இதனை அறியாமை என்று தள்ளல் வேண்டா. அச்சமே நோயின் வேர் என்னும் அறிவு அப்பெயரில் உள்ளது. போர்க்காலத்து யாழ்ப்பாணத்தில் மனநல மருத்துவராகப் பணியாற்றிய தயா சோமசுந்தரம் 1998-இல் வெளியிட்ட நூலிலும், நோயாளர் உள்ளத் துன்பத்தை உடல் வலியாகவே வந்து உரைத்தமை பேசப்படுகின்றது. உள்ளத்து நிகழ்வது மெய்யிற் படுதலை மெய்ப்பாடு என்று கூறிய மரபில் வந்தவர்க்கு இது வியப்பன்று.

நான்காம் வினா பெயர்ப்பில் மிக இடர்ப்படுவது. உணர்வு மரத்துவிட்டதா என்று கேட்டால், கால் மரத்ததைச் சொல்வாரும் உண்டு. மனம் கல்லாயிற்றா என்று கேட்டாலோ, கொடியவளா நீ என்று கேட்டதாகிவிடும். கல்நெஞ்சு என்பது வழக்கில் இரக்கமின்மையைக் குறிக்கும். அக்கல்லையே உணர்வின்மைக்கு உருவாக்கிப் பொருள் மாற்றியது புதுமைப்பித்தனின் ஆற்றல். வினாத்தாள் எழுதுவோர்க்கு அவ்வுரிமை இல்லை. ‘எதுலயும் மனசு ஒட்டலையா’ என்னும் எளிய சொல்லே போதும்.

ஐந்தாம் வினாவில்தான் பெருந்தவறு நேரும். ‘கெடுத்துவிட்டான்’, ‘கற்பழிப்பு’ என்னும் சொற்கள் தீர்ப்பையும் உடன் சுமந்து வருவன. கெட்டது அவள் என்றும், அழிந்தது அவள் கற்பு என்றும் அவை கூறிவிடுகின்றன. இச்சொற்களால் வினவிய பின், உன்னை நீ பழிக்கின்றாயா என்று கேட்பதில் பொருளில்லை. வினாவே பழித்துவிட்டது.

காலமும் கருதற்பாலது. கடந்த ஒரு திங்கள் என்பதை நாட்காட்டியால் எண்ணாதவர்க்கு, வீரபாண்டித் திருவிழாவுக்குப் பிறகா முன்னா என்று கேட்டல் தெளிவு தரும்.

இறை தரும் அச்சம்

அச்சம் தோன்றும் நிலைக்களன் நான்கு என்பர் தொல்காப்பியர். அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்பன அவை. கள்வரோடு ஆள்வோரையும் ஒருங்கு வைத்து எண்ணிய நுட்பம் பெரிது. காக்க வேண்டியவரே அச்சத்துக்குக் களனாயின் ஓடி ஒளிதற்கு இடம் யாது?

தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி என்னும் மலைவாழ் மக்கள் ஊரில் 20-6-1992 அன்று நிகழ்ந்தது இதற்குச் சான்று. சந்தனக் கட்டை தேடி வந்த வனம், காவல், வருவாய்த் துறையினரால் 18 பெண்கள் வன்புணர்ச்சிக்கு ஆளாயினர். குற்றஞ் சாட்டப்பட்டோர் 269 பேர். அவருள் 54 பேர் வழக்கு முடியுமுன் இறந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் என்று 29-9-2011 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சென்னை உயர்நீதிமன்றம் 29-9-2023 அன்று அதனை உறுதி செய்து, அப்பெண்களுக்குத் தலைக்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்கப் பணித்தது. நிகழ்ச்சிக்கும் முதல் தீர்ப்புக்கும் இடையே 19 ஆண்டுகள். இறுதி உறுதிக்கு 31 ஆண்டுகள். அத்தனை ஆண்டும் அவர்கள் விடையிறுக்க வேண்டியிருந்தது ஐய வினாவுக்கே. அஃது உண்மைதானா என்பதே முறைமன்றத்தின் வினா. நீதிக்கு அவ்வினா இன்றியமையாதது. ஆயினும் அதனை மீள மீள எதிர்கொள்வாருடைய உள்ளம் ஆறுதல் அரிது.

மருத்துவப் பெயர் இந்நோயை நிகழ்ச்சிக்குப் பிந்தியது என்கின்றது. நிகழ்ச்சி முடிந்தது என்பது அதன் எடுகோள். வழக்கும் ஐயமும் ஊரின் விலகலும் தொடருமாயின் பிந்தியது எது? சாப விமோசனத்தின் உச்சம் இதனையே உரைக்கின்றது. அகலிகையை இரண்டாம் முறை கல்லாக்கியது இந்திரன் மட்டும் அல்லன். தன்னைக் கல்லினின்று மீட்ட இராமனே சீதையைத் தீயில் இறங்கச் செய்தான் என்று சீதை வாயிலாகக் கேட்ட பின்னரே அவள் உள்ளம் முற்றும் உடைகின்றது. பழியை நீக்கிய கையே ஐய வினாவையும் கேட்டது. வன்கொடுமையைச் சொன்ன பெண்ணைச் சுற்றத்தார் நம்பாது பழிப்பின் அவளது நோய் மிகும் என்று இக்கால ஆராய்ச்சிகளும் காட்டுகின்றன.

ஈண்டு ஒரு தடை எழலாம். இலக்கியத்தை நோய்க் குறிகளால் அளந்தால் இலக்கியம் சுருங்காதோ எனின், சுருங்கும். அகலிகை கல்லானது நோய்க்குறி மட்டும் அன்று, இராமன்மேல் கூறிய தீர்ப்புமாம். ஆதலின் யாம் வினாத்தாளால் கதையை அளந்தேம் அல்லேம். கதையால் வினாத்தாளை அளந்தேம். வினாத்தாள் பெண்ணின் உள்ளத்தோடு நின்றுவிடுகின்றது. கதை அரண்மனை வரை செல்கின்றது.

கட்டுவிச்சியும் தோழியும்

மகளின் மெலிவைக் கண்ட சங்ககாலத் தாய், கட்டுவிச்சியை அழைத்து நெல்லிட்டுக் குறி கேட்டாள். வேலனை அழைத்துக் கழங்கு பார்த்து வெறியாடச் செய்தாள். முருகன் அணங்கினான் என்று விடை வந்தது. நோயின் காரணம் காதல். கூறப்பட்ட காரணம் தெய்வம். காதலும் கொடுமையும் வேறு என்பதை யாம் மறந்தேம் அல்லேம். ஒப்புமை, கேட்கும் முறை பற்றியது. வேலன் பலர் நடுவே கேட்டான். பொய்யான விடை பெற்றான். தோழி தனித்து இருந்தாள். உண்மை அவளிடம் இருந்தது. அவளும் அதனை எடுத்த எடுப்பில் கூறவில்லை. அறத்தொடு நிற்கும் வகை ஏழு என்று வகுத்த தொல்காப்பியர், உண்மை செப்பலை இறுதியில் வைத்தார்.

தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் வீடு தேடி வந்து இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஆராய்கின்றது. அது போற்றத்தக்கது. ஆயினும் இவ்வினாவை அவ்வாறு வாசலில் நின்று, மாமியாரும் அண்டை வீட்டாரும் கேட்கக் கேட்டல் வேலன் செயலாகும். உலக நலவாழ்வு நிறுவனம் 2013-இல் வகுத்த நெறியும், வருவார் எல்லாரையும் ஒருங்கே வினவுக என்று கூறவில்லை. தனிமை வேண்டும், கேட்பவர் பயிற்சி உடையராதல் வேண்டும், விடை கேட்டபின் உதவுதற்கு வழி இருத்தல் வேண்டும் என்கின்றது. செவிமடுத்தல், தேவை கேட்டல், நம்பிக்கை கூறல், காப்பு உறுதி செய்தல், துணை தேடித் தருதல் ஆகியன முதலுதவி என்பதும் அந்நெறியே. மனவடுவுக்கென்று அமைந்த உளமருத்துவம் பயன் தரும் என்பதும் இன்று தெளிந்த செய்தி.

மற்றொன்றும் சொல்லி வைத்தல் கடன். 1-7-2024 முதல் நடப்பிலுள்ள இந்தியக் குடிமக்கள் பாதுகாப்புச் சட்டத்தின் 397-ஆம் பிரிவு, வன்கொடுமைக்கு ஆளானார்க்கு எம்மருத்துவ மனையும் கட்டணமின்றி மருத்துவம் செய்க என்கின்றது. உடனே காவல் துறைக்கு அறிவிக்க என்றும் கூறுகின்றது. ஒரு வினாவுக்கு விடையிறுத்ததனாலேயே தான் விரும்பாத வழக்கொன்று தொடங்கக்கூடும் என்பதை அப்பெண் முன்னரே அறிதல் வேண்டும். அதனை மறைத்துக் கேட்பது கொடை வினா ஆகாது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். பழி நீங்கினும் தழும்பு நிற்கும் என்பதைத் தமிழ்ச் சிறுகதை 1943-இலேயே கண்டது. மனவடு வினாத்தாள் தழும்பைக் கேட்பது. ஆதலின் அது வரவேற்கத்தக்கது. ஆயினும் பெயர்ப்பில் பழிச்சொல் கலப்பின், பலர் நடுவே கேட்பின், கேட்டபின் கொடுத்தற்கு ஒன்றும் இல்லாதிருப்பின், அது பழைய தீக்குளிப்பின் புதிய வடிவமே ஆகும். வினாத்தாளைத் தமிழில் ஆக்குவோர் மருத்துவரோடு நில்லாது, ஊர்ப் பெண்களையும் மொழி வல்லாரையும் உடன் வைத்து ஆக்குதல் வேண்டும். தமிழ்த் துறைகள் இப்பணியைத் தமக்குரியது என்று ஏற்றல் நன்று. வடு என்னும் சொல்லின் இருபொருளையும் பிரித்து, தழும்புக்கு மருந்தும் பழிக்கு உரியவனும் தேடிக் கொடுக்கும் வினாவே தமிழில் நல்ல வினாவாகும்.